காய்ந்த சுவர்

பிளம்பர் வீட்டிலேயே குழாய் ஒழுகுகிறது என்ற செய்தியைத் தெருவில் யாரும் வருத்தத்தோடு கேட்கவில்லை. காரணம் இருந்தது. ஒழுகும் குழாய் இல்லாத வீடு அந்தத் தெருவில் இல்லை. அத்தனை வீட்டுக்கும் அவர் வந்திருக்கிறார். வந்து, இடுப்பில் இரண்டு கைகளையும் ஊன்றி, சுவரை ஒரு தளபதி எதிரிப் படையைப் பார்ப்பதுபோலப் பார்த்து, "இதை எந்தக் கசாப்புக் கடைக்காரன் போட்டான்?" என்று கேட்டிருக்கிறார். சில வீடுகளில், "நீங்கதாங்க போட்டீங்க" என்று நினைவுபடுத்த வேண்டியிருந்தது. அப்போதும் அவர் அசரமாட்டார். "அப்படின்னா பிரஷர் ஜாஸ்தி" என்பார்.

அவருக்கு எல்லாமே பிரஷர்தான். கட்டிக்கொடுத்த மகள் இந்த வாரம் போன் செய்யவில்லையென்றால் அந்த வீட்டில் பிரஷர். மழை பெய்யவில்லையென்றால் மேலே பிரஷர் இல்லை. ஆகவே ஊர் அவருக்கு பிரஷர் என்றே பெயர் வைத்துவிட்டது. முகத்துக்கு நேரே பிரஷர் அண்ணே, முதுகுக்குப் பின்னால் வெறும் பிரஷர்.

வீடு சின்னது. முன்னறையில் அவர் மனைவியின் தையல் மெஷின், அதைச் சுற்றி எப்போதும் பாதி தைத்த பள்ளிச் சட்டைகள். அதற்குப் பின்னால் படுக்கையறை. படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. வெளியே சந்தில், சிமெண்ட் தொட்டிக்குள், இரும்பு மூடி போட்டு, மெயின் வால்வு. வீட்டில் உள்ள மற்ற எதையும் யாரும் தொடலாம், அந்த மூடியை மட்டும் அவரைத் தவிர யாரும் தொடக்கூடாது. "தப்பா ஒரு சுத்து சுத்தினா மொத்த லைனும் போயிடும்" என்பார், ஏதோ அணைக்கட்டின் மதகு அவர் பொறுப்பில் இருப்பதுபோல. ஒருமுறை எதற்காகவோ அதை மூடிவிட்டு, திறக்க மறந்து வேலைக்குப் போய்விட்டார். மனைவி குளியலறையில் தலையெல்லாம் சோப்பு நுரையோடு நின்றாள். அப்போதும் அவள் அந்த மூடியைத் தொடவில்லை. நுரையோடு பக்கத்து வீட்டில் போய் ஒரு வாளி தண்ணீர் கேட்டாள்.

அந்தக் காலை உளிச் சத்தம் கேட்டு அவள் அறைக்குள் போனபோது, கட்டிலுக்குப் பின்னால் சுவரில் ஒரு தலையணை அளவுக்குப் பூச்சு உதிர்ந்திருந்தது. பிரஷர் முழங்காலில் நின்று கொத்திக்கொண்டிருந்தார். மெத்தை நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது.

"என்னங்க இது?"

"லீக்கு. உள் லைன்ல லீக்கு. மெத்தை நனைஞ்சிருக்கே, பாக்கல?"

"கட்டில் சுவத்த விட்டுத் தள்ளியில்ல கெடக்கு?"

"தண்ணிக்கு அதெல்லாம் தெரியுமா? பள்ளத்தப் பாத்துப் போகும்."

"உங்க பக்கம் மட்டும்தான் பள்ளமா?"

அவர் சுத்தியலை இன்னும் ஓங்கி அடித்தார். அவள் குனிந்து, அவர் உடைத்த ஓட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தாள். உள்ளே மாவு மாதிரி காய்ந்து கிடந்தது. மெத்தையின் வாடையும் குழாய்த் தண்ணீரின் வாடை இல்லை. இதெல்லாம் அவளுக்குப் புதிதல்ல. ஒரு மாதமாகவே அவருடைய பேன்ட்டுகளை அவரே துவைக்கிறார். கல்யாணமான நாளிலிருந்து கைக்குட்டைகூடத் துவைக்காத மனிதர்.

அவளைப் பயமுறுத்தியது வேறு. அந்தச் சுவருக்குள் ஓடுகிற குழாய் அவர் தன் கையால் போட்டது. ‘நான் போட்ட ஜாயிண்ட் ஒழுகுது’ என்று தன் வாயாலேயே சொல்லிக்கொள்ளும் அளவுக்கு இந்த மனிதருக்கு என்ன வந்துவிட்டது?

அவள் தம்பியை வரவழைத்தாள். அவன் மருந்துக் கடை கவுண்டரில் நிற்கிறவன். மாத்திரை அட்டையைக் கத்தரியால் வெட்டிக் கொடுப்பதுதான் வேலை. ஆனால் வெட்டும்போது ஒரு நிமிடம் நிறுத்தி, வாங்க வந்தவரை மேலும் கீழும் பார்த்து, "சாப்பிட்டுட்டுப் போடுங்க" என்பான். அந்த ஒரு நிமிடத்துக்காகவே அவனுக்கு அரை டாக்டர் என்ற பட்டம் கிடைத்திருந்தது. பட்டத்தில் உள்ள கேலி அவன் காதில் விழுந்ததேயில்லை.

வந்தவன் மாமாவுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

"மாமா, ஆம்பளைக்கு ஆம்பளை பேசுவோம். அடிக்கடி போறீங்களா?"

"யார்டா சொன்னது?"

"அக்கா சொன்னா."

"அவளுக்கு சுவத்துல லீக்குன்னா புரியாது. உனக்குமா புரியாது, மாப்ள?"

"சுவத்த விடுங்க. அடிக்கடி போறதுக்கு ஒரு மாத்திரை இருக்கு. கட்டுப்படுத்திடும். போன வாரம்கூட ஒருத்தருக்குக் குடுத்தேன், இப்போ சிங்கம் மாதிரி இருக்காரு."

பிரஷர் வேண்டாமென்று தலையாட்டிவிட்டு மாத்திரையை வாங்கி வைத்துக்கொண்டார். யாருக்கும் தெரியாமல் தவறாமல் போட்டுக்கொண்டார். மாத்திரை சொன்னபடி வேலை செய்தது, கட்டுப்படுத்தியது. அவர் குளியலறைக்குப் போவது குறைந்தது. சாப்பாடும் குறைந்தது. வீங்கிய காலில் செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாக அப்படியே நின்றது. தட்டில் சோற்றைப் பார்த்தாலே குமட்டியது. பிறகு விக்கல் வந்தது, வந்த விக்கல் போகவில்லை. யார் வீட்டு மாடித் தொட்டிக்கோ குழாய் இழுக்கப் போனவர், ஏணியின் நடுவில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து விட்டார்கள்.

"வெயிலு" என்றார் பிரஷர், விக்கலுக்கு நடுவே.

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. அவர் மனைவி தைத்துக்கொண்டிருந்த சட்டையை ஊசியோடு அப்படியே விட்டுவிட்டு எழுந்து, கதவைப் பூட்டி, அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள்.

சிறுநீரகப் பிரிவின் டாக்டர் ஒரு பெண் என்று தெரிந்ததும் பிரஷர் திரும்பி வாசலைப் பார்த்தார். வாசலில் மனைவி நின்றாள். வேறு வழியில்லாமல் கட்டிலில் படுத்தார். டாக்டர் குள்ளமாக, மெலிந்து, மூக்குக் கண்ணாடியைத் தலைக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தாள். அடிவயிற்றில் கை வைத்தாள். தொப்புள் வரைக்கும் பந்து போலக் கெட்டியாக இருந்தது.

"இங்க அழுத்தினா வலிக்குதா?"

"வலியே இல்லீங்க. அதான் சொல்றேன், எனக்கு ஒண்ணுமில்ல."

"வலிச்சிருந்தா எப்பவோ வந்திருப்பீங்க. யூரின் எப்படிப் போகுது?"

"நல்லா போகுதுங்க. ஃபுல் ஃபோர்ஸ்."

"பொய் டாக்டர்" என்றாள் மனைவி. "உள்ள போனா நான் ஒரு சட்டைக்குக் காலர் வெச்சு முடிச்சிடறேன். அப்புறமா வெளிய வந்து முடிஞ்சுதுங்கறாரு. காலைல பாத்தா மெத்தை ஈரம். கேட்டா சுவத்த உடைக்கறாரு."

"எதுக்குச் சுவத்த?"

"லீக்காம்."

டாக்டர் சிரிக்கவில்லை. அதற்காகவே அந்த நிமிடத்திலிருந்து தையல்காரிக்கு அவளைப் பிடித்துப்போனது. ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். காகிதங்கள் வந்ததும் டாக்டர் ஸ்டூலை இழுத்து அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"பிராஸ்டேட் பெருசாகி வழிய அடைச்சிருக்கு. மூத்திரப்பை காலியே ஆகறதில்ல, எப்பவும் நிரம்பியே கெடக்கு. ரொம்பி வழியறதுதான் வெளிய வருது. அதான் மெத்தையில ஈரம். உள்ள தேங்கினது பின்னால கிட்னிக்குத் திரும்பி ஏறுது. ரெண்டு கிட்னியும் வீங்கியிருக்கு, பாதி வேலைகூட செய்யல. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா மெஷின்ல ரத்தம் சுத்தம் பண்ற கதைதான். எல்லாம் பிரஷர்தாங்க. உள்ள அவ்வளவு பிரஷர்."

வாழ்க்கையில் முதல்முறையாக அந்தச் சொல் அவர் வாயிலிருந்து போகாமல் எதிரிலிருந்து வந்தது. அவர் கூரையைப் பார்த்தார்.

"ஏதாவது மாத்திரை சாப்பிட்டீங்களா?"

செய்தி கேட்டு வந்து பின்னால் நின்ற அரை டாக்டர் தொண்டையைச் செருமினான். "நான்தாங்க. மெடிக்கல் லைன்லதான் இருக்கேன். அடிக்கடி போறாரேன்னு கட்டுப்படுத்தறதுக்கு..."

"போகாதவர மேலும் கட்டுப்படுத்தினீங்களா?"

அரை டாக்டர் சுவரில் மாட்டியிருந்த சிறுநீரகப் படத்தை ஆழ்ந்து ஆராயத் தொடங்கினான். அவ்வளவு கவனமாக அதை அந்த ஆஸ்பத்திரியில் யாரும் பார்த்திருக்கமாட்டார்கள்.

அன்றைக்கே மூத்திரம் இறங்க ஒரு டியூபும் அதன் முனையில் ஒரு பையும் போட்டார்கள். பை நிரம்பியது, கொட்டினார்கள், மறுபடி நிரம்பியது. நர்ஸ் வாளியோடு நடந்துகொண்டே இருந்தாள். மறுநாள் விக்கல் நின்றது. அதற்கு மறுநாள் பிரஷர் ரொட்டி கேட்டார்.

கிட்னி கொஞ்சம் தேறட்டும், அப்புறம் ஆபரேஷன் என்று டியூபும் பையுமாக வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டில் உட்கார்ந்தால் பிரஷர் ஆவாரா? பையைத் தன் கருவிப் பைக்குள் போட்டு, குழாய் ரெஞ்சுக்கும் ரம்பத்துக்கும் நடுவே பத்திரமாக வைத்து, தோளில் மாட்டாமல் தொடையோடு ஒட்டிப் பிடித்தபடி வேலைக்குக் கிளம்பினார். ஒரு வீட்டில், "அண்ணே, உங்க பை என்ன கனமாகிட்டே போகுது?" என்று கேட்டார்களாம். "சாமான் சேருது" என்றாராம். சுவரில் உடைத்த ஓட்டை மட்டும் அப்படியே இருந்தது. பூசச் சொல்லி மனைவி கேட்டாள். "லீக்கு கண்டுபிடிக்காம எப்படிப் பூசறது?" என்றார். டாக்டரே சொன்ன பிறகும், ஸ்கேன் எடுத்த பிறகும், வீட்டுக்குள் அந்த லீக் உயிரோடுதான் இருந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வெளியே எதையும் கிழிக்காமல், உள்வழியாகவே போய், அடைத்துக்கொண்டிருந்ததைச் சீவி எடுத்தார்கள். கட்டிலுக்கு மேலே பெரிய பெரிய பைகளில் உப்புத் தண்ணீர் தொங்கியது. அது ஒரு குழாய் வழியாக இறங்கி, உள்ளே போய், புண்ணைக் கழுவி, இளஞ்சிவப்பாகக் கீழே உள்ள பைக்கு வந்தது. மேலே தீர்ந்தால் நர்ஸ் வேறு பை மாட்டுவாள். நிற்காமல் ஓடியது.

நிற்காமல் ஓடுவதுதான் பிரஷருக்குத் தாங்கவில்லை. ஓடும் குழாயைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்த நாள் அவர் வாழ்க்கையில் கிடையாது. கல்யாண வீட்டில் பந்தியிலிருந்து எழுந்து போய் யாரோ திறந்துவிட்ட குழாயை மூடிவிட்டு வந்தவர். மதியச் சாப்பாட்டு வேளையில் மனைவி டீ வாங்கக் கீழே போயிருந்தாள். காவலுக்கு அரை டாக்டர் இருந்தான்.

"மாப்ள, கீழ வர்றது என்ன கலரு?"

"கிட்டத்தட்ட வெள்ளையா வருது மாமா."

"அதான் பாத்தேன். புது லைன் போட்டா என்ன பண்ணுவோம்? உள்ள கெடக்கற மண்ணு, துரு எல்லாம் போகத் தண்ணிய விட்டு அலசுவோம். கலங்கலா வரும். அப்புறம் தெளியும். தெளிஞ்சதும் மூடிடணும். இவங்க பாட்டுக்குத் திறந்து போட்டுட்டுப் போயிட்டாங்க, ஒரு டேங்க் தண்ணி வீணாப் போகுது."

"மூடலாமா மாமா?"

"நான் எத்தனை லைன் போட்டவன்டா?"

மேலிருந்து வரும் குழாயில் சின்னதாக ஒரு உருளை இருந்தது. கட்டை விரலால் தள்ளினால் போதும். தள்ளினார். சொட்டு நின்றது. அரை டாக்டர் மரியாதையோடு தலையை ஆட்டினான். மருத்துவத்தில் பாதியும் குழாய் வேலையில் முழுதும் தெரிந்த இரண்டு பேர் சேர்ந்து எடுத்த முடிவு அது.

முதலில் நிம்மதியாக இருந்தது. பிறகு கீழே உள்ள பையிலும் எதுவும் விழவில்லை. "பாத்தியா, சுத்தமா நின்னுடுச்சு" என்றார். பிறகு நெற்றியில் வேர்த்தது. பிறகு வயிறு இறுகியது. இத்தனை மாதம் வலிக்காமல் ஏமாற்றிய வயிறு இந்தமுறை மொத்தத்தையும் சேர்த்துக் கொடுத்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் போட்ட சத்தம், டீ டம்ளரோடு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்த மனைவிக்குக் கேட்டது. அவள் டம்ளரைப் படியிலேயே வைத்துவிட்டு ஓடினாள்.

டாக்டர் வந்தாள். கண்ணாடி தலையிலிருந்து கண்ணுக்கு இறங்கியது. உருளையைப் பார்த்தாள்.

"யார் மூடினது?"

அரை டாக்டர் ஜன்னலைப் பார்த்தான்.

"நான்தாங்க" என்றார் பிரஷர், பல்லைக் கடித்துக்கொண்டு. "தெளிஞ்சு... வந்துச்சு..."

"ஓடிக்கிட்டு இருந்ததாலதான் தெளிஞ்சு வந்துச்சு! உள்ள புண்ணுங்க, ரத்தம் கசியுது. கழுவறத நிறுத்தினா உறைஞ்சு அடைச்சுக்கும். அடைச்சாச்சு."

பெரிய சிரிஞ்சை டியூபில் பொருத்தி உறிஞ்சினாள். ஈரல் துண்டு போலக் கட்டி கட்டியாக வந்தது. தண்ணீர் விட்டு, உறிஞ்சி, மறுபடி விட்டு, மறுபடி உறிஞ்சினாள். கிட்னி வடிவத் தட்டு நிரம்பியது. அப்படியும் முழுதாக வரவில்லை. தள்ளுவண்டியில் ஏற்றி மறுபடி ஆபரேஷன் அறைக்கே கொண்டுபோனார்கள். கதவு மூடும் முன் அவர் தலையைத் திருப்பி மனைவியைத் தேடினார். தேடியது அவளுக்குத் தெரிந்தது. கையைத் தூக்கிக் காட்டினாள்.

பெஞ்சில் தம்பி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "அக்கா, நான் என்ன பண்ணுவேன், மாமாதான்..."

"நீ பேசாத."

"ஒண்ணும் ஆகாதுக்கா, மெடிக்கல்ல இதுக்கு..."

"வாயத் திறந்தா தெச்சுடுவேன்."

அவன் அவள் கைகளைப் பார்த்தான். தைக்கக்கூடிய கைகள்தான். எழுந்து போய்த் தள்ளி நின்றுகொண்டான்.

பிழைத்துவிட்டார். ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. தேறி வந்துகொண்டிருந்த கிட்னி இதில் கொஞ்சம் சறுக்கியது. வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டர் அவரிடம் பேசவில்லை, அவளிடம் பேசினாள்.

"வழி திறந்தாச்சு. ஆனா மூத்திரப்பை ரொம்ப நாளா ரொம்பி ரொம்பி விரிஞ்சு கெடந்திருக்கு. தள்ளற பலம் அதுக்கு இல்ல."

"இழுத்து இழுத்துத் தொளதொளன்னு ஆன எலாஸ்டிக் மாதிரியா?"

"அதேதான். நாள் போகப் போகக் கொஞ்சம் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். அதுவரைக்கும் இந்த மெல்லிசு டியூப வேளா வேளைக்கு உள்ள விட்டு, காலி பண்ணிட்டு, எடுத்துடணும். அவரே பண்ணிக்கலாம். பண்ணலேன்னா மறுபடி தேங்கும். இப்ப இருக்கற கிட்னியும் போயிடும். இன்னொரு தடவை எங்கிட்ட வந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

நர்ஸ் செய்து காட்டினாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவணும், இது ஜெல்லி, இப்படி மெதுவா, அவசரம் கூடாது. பிரஷர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "குழாயப் பத்தி எனக்கே சொல்லித் தர்றாங்க" என்று முணுமுணுத்தார். மனைவி மட்டும் பார்த்தாள். ஊசியில் நூல் கோக்கிறவளின் பார்வையோடு பார்த்தாள்.

வீட்டில் முதல் நாள் அவர் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். குழாய்ச் சத்தம் கேட்டது. வெளியே வந்து, "ஃபுல் ஃபோர்ஸ்" என்றார்.

"டியூப்?"

"எதுக்கு? தானாப் போகுது."

மறுநாளும் அப்படியே. உள்ளே போவார், தாழ் விழும், குழாய் ஓடும், "ஃபுல் ஃபோர்ஸ்." அலமாரியில் டியூப் பெட்டி பிரிக்காமல் இருந்தது. அவள் மெஷினில் உட்கார்ந்து காலர் தைத்தபடி காதைக் குளியலறைப் பக்கம் வைத்திருந்தாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறது. எந்தத் தண்ணீர்? ஓடுகிற குழாயை ஒரு நிமிடம் பார்க்கச் சகிக்காத மனிதர், தெருவில் அடுத்தவன் வீட்டுக் குழாயை மூடப் போனவர், தன் வீட்டில் இத்தனை நேரம் திறந்துவிட்டுக்கொண்டு உள்ளே நிற்கிறார்.

மூன்றாம் நாள் காலை அவர் எழுந்து போனபின் அவள் மெத்தையைத் தொட்டுப் பார்த்தாள். அவர் பக்கம் ஈரம். நிமிர்ந்தபோது எதிரே சுவரின் ஓட்டை. அதற்குள் அவர் போட்ட குழாய், ஒரு சொட்டு ஒழுகாமல், தூசி படிந்து, காய்ந்து கிடந்தது.

உள்ளே குழாய் ஓடத் தொடங்கியது.

அவள் சந்துக்குப் போனாள். குந்தி உட்கார்ந்து இரும்பு மூடியைத் தூக்கினாள். நினைத்த அளவுக்குக் கனமில்லை. வால்வின் சக்கரத்தில் சிலந்தி வலை கட்டியிருந்தது. துடைத்துவிட்டு வலதுபக்கம் திருப்பினாள். இறுகும்வரை திருப்பினாள். மொத்த லைனும் போய்விடவில்லை. உள்ளே வந்து குளியலறைக் கதவில் காதை வைத்து நின்றாள்.

குழாய்ச் சத்தம் மெலிந்தது. நூலாகியது. சொட்டானது. நின்றது.

அதற்கப்புறம் உள்ளே எந்தச் சத்தமும் இல்லை. ஒன்றுகூட இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் அவர் மூச்சுவிடுவது மட்டும் கேட்டது. குழாயைத் திருகிப் பார்க்கும் கிரீச் சத்தம் ஒருமுறை. பிறகு அதுவும் இல்லை. அவர் புரிந்துகொண்டுவிட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது. கத்துவார் என்று நின்றாள். யார் மெயினைத் தொட்டது என்று கேட்பார், பிரஷர் என்பார், லைன் என்பார்.

"வரலம்மா" என்றார் அவர்.

அவள் கதவிலிருந்து காதை எடுத்தாள்.

"ஒரு சொட்டுகூட வரல. ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த நாளா சரியா வரவே இல்ல. முக்கிப் பாத்துட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "சுவத்துல லீக்கு ஒண்ணும் இல்ல" என்றார்.

"தெரியும். தாழத் திறங்க."

தாழ் விலகியது. சுவரில் சாய்ந்து, முகம் வேர்த்து, பேன்ட்டை ஒரு கையில் பிடித்தபடி நின்றார். கருவிப் பை இல்லாமல் அவர் ரொம்பச் சின்ன ஆளாகத் தெரிந்தார். அவள் அலமாரிக்குப் போய் டியூப் பெட்டியையும் ஜெல்லியையும் எடுத்து வந்து வாளியைக் கவிழ்த்து அதன்மேல் வைத்தாள்.

"எனக்குத் தெரியாதே" என்றார். "அந்தப் பொண்ணு சொல்லிக் குடுக்கும்போது நான் பாக்கல."

"நான் பாத்தேன். கையச் சோப்புப் போட்டுக் கழுவுங்க."

அவர் குழாயைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். சோப்பு இருந்தது, தண்ணீர் இல்லை.

"இருங்க, திறந்துவிட்டு வர்றேன்." வாசல்வரை போனவள் நின்று திரும்பினாள். எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரியும், கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் மூடினாள். இருந்தாலும் கேட்டாள்.

"எந்தப் பக்கம் திருப்பணும்?"

அவர் சுவரிலிருந்து நிமிர்ந்தார்.

"இடது பக்கம்" என்றார். "மெதுவா. ஒரேயடியாத் திறந்துடாத."